முன்னால் ஓர் இரண்டு

முடிக்கு மருதாணி பூசத் தொடங்கிவிட்ட என் வயதுத் தோழிகளே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுக்காரரின் நம்பரைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? பெற்ற பிள்ளையின் நம்பரை? என்னால் முடியாது. பெயரைத் தொட்டால் மணி அடிக்கிறது, அதற்கு மேல் யார் மெனக்கெடுவது! ஆனால் எங்கள் எதிர்வீட்டு மாமியின் தொலைபேசி எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாமியும் இல்லை, அந்தத் தொலைபேசியும் இல்லை. எண் மட்டும் என் மண்டைக்குள் வாடகை தராத குடித்தனக்காரராக உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அன்று எல்லா வீட்டிலும் தொலைபேசி கிடையாது. இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, அதன் ஓரத்தில் பி.பி. என்று போடுவார்கள். அது எதன் சுருக்கம் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. எங்களுக்கு அது மாமி வீட்டுப் போன், அவ்வளவுதான்.

அத்தா, அதாவது எங்கள் அப்பா, சவூதியில் சாலை போடும் வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, வீட்டில் பிரியாணி இறக்கி வைத்திருக்கும் நேரத்துக்குக் கூப்பிடுவார். அதற்கு ஒரு முறை இருந்தது. முதல் மணிக்கு மாமி எடுத்து, "இந்தா கூப்புடுறேன், வச்சிட்டு மறுபடி போடுங்க" என்பார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க, "சவூதி போனு!" என்று ஒரு சத்தம். நாங்கள் சோற்றுக்கையோடு ஓடுவோம். தந்த நிறப் பெட்டி, அதன்மேல் மாமி பின்னிய சிவப்பு நூல் உறை. காதில் வைத்தால் ஊதுபத்தியும் வெற்றிலையும் கலந்து மணக்கும். அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, இருந்தால் அவர் முதலில் பேசுவார். அடுத்து அம்மா, அடுத்து அக்கா. கடைசியில் என்னிடம் வரும்போது, "நல்லா ஓதுறியாம்மா?" என்பதோடு போன் கார்டில் காசு தீர்ந்து அறுந்துவிடும். நான் என் குழந்தைப் பருவம் முழுவதும் அத்தாவிடம் பேசியது "ஓதுறேன் அத்தா" என்ற ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது மணிக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் அக்கா மாமி வீட்டு டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவாள். எல்லோரும் பெயர்களைத் தேடுவார்கள். அவள் முன்பக்கங்களை மட்டும் படிப்பாள், ஊர்களும் அவற்றின் எஸ்.டி.டி. கோடு எண்களும் வரிசையாக இருக்கும் பக்கங்கள். அதைக் கதைப் புத்தகம் மாதிரி படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

"இங்க பாரு, முன்னால இருக்கிற சைபர விட்டுட்டா மெட்ராசுக்குக் கோடு ரெண்டே எழுத்து. திருச்சிக்கு மூணு. நமக்கு நாலு. ஊரு சிறுசா இருந்தா கோடு நீளம்" என்பாள்.

"ஏன்?"

"பெரிய ஊருல போன் நெறைய, அதுக்கு நீள நம்பரு வேணும். கோடு குட்டையா இருந்தாத்தான் ரெண்டும் சேந்து கணக்கு சரியா வரும். நமக்கு இருக்கிறதே நாலு போனு. அதான் கோட்டுல வாலு."

எங்களுக்கும் பெரம்பலூருக்கும் ஒரே கோடு, 04328. அங்கே பேச முன்னால் எதுவும் போட வேண்டாம். ஆனால் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் திட்டக்குடிக்கு, நாங்கள் நடந்தே போய் வளையல் வாங்கி வரும் ஊருக்கு, சைபர் போட்டு வேறு கோடு அடிக்க வேண்டும். காலுக்குப் பக்கத்து ஊர், போனுக்கு வெளியூர். எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அக்காவுக்குப் பிடித்திருந்தது.

"சைபர் இல்லேன்னா நம்ம ஊரோட சரி. ஒரு சைபர் போட்டா நாட்டுல எங்க வேணும்னாலும் போலாம். ரெண்டு சைபர் போட்டா நாட்டை விட்டே போயிடலாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம வூட்டுக்கு சைபர் போட்டுக் கூப்புடுற ஆளெல்லாம் ஆம்பளைங்கதான், கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். அத்தா, சென்னையில் கடை வைத்திருந்த மாமா, குவைத்தில் இருந்த பெரியத்தா மகன். பெண்கள் எல்லோரும் ஒரே கோட்டுக்குள் இருந்தோம்.

அந்த வருடம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்து கணக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இடமும் கிடைத்துவிட்டது, போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அதே வாரம் பெரியத்தா ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார், நல்ல பையன், லீவு முடிவதற்குள் நிக்காஹ் வைக்க வேண்டும் என்றார்கள். அம்மா இரண்டையும் எழுதி அத்தாவுக்குக் கடிதம் போட்டாள். "லெட்டரு கெடச்சதும் வர்ற வெள்ளிக்கெழமை போன் பண்ணி முடிவச் சொல்லுவாரு" என்று எங்களிடம் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. போன் வரவில்லை.

அடுத்த வெள்ளியும் வரவில்லை. மாமி வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவரும் அந்தச் சிவப்பு உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மாமி அவ்வப்போது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "உசுரு இருக்கு, சத்தம் கேக்குது" என்று உறுதி சொன்னார். நடுவில் மணி அடித்தது. அம்மா பதறி எழுந்தாள். மாமியின் தம்பி அரியலூரிலிருந்து சிமெண்டு லாரி பற்றிப் பேசினார். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அம்மா அத்தாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தாள். அப்புறம், கடிதத்தைப் பார்த்துக் கோபமோ என்று பயந்தாள். பெரியத்தா எதற்கும் பயப்படவில்லை.

"வேணாம்னா வேணாம்னு சொல்ல அவனுக்கு வாயில்லையா? ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னுதான் அர்த்தம். அடுத்த ஞாயித்துக்கெழமை மாப்பிள வூட்டுக்காரங்கள வரச் சொல்லிட்டேன், பேசி முடிச்சிருவோம்."

அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். நாமெல்லாம் நிக்காஹ் பார்த்தவர்கள்தானே? பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவள் தலை குனிந்து பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது வழக்கம். பெரியத்தா அந்த வழக்கத்தை டெலிபோனுக்கும் வைத்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. தம்பி மகள் கரையேற வேண்டுமே என்ற கவலைதான் அவருக்கு. அன்று எனக்கு இது புரியவில்லை, அவர் தொப்பியை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அழவில்லை. "அத்தா வாயால சொல்லட்டும் பெரியத்தா. அவரு சொல்லிட்டா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவரு சொல்லாம ஒத்துக்க மாட்டேன்" என்றாள். அந்த வீட்டில் ஒரு பெண் பெரியத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா திட்டக்குடியில் இருந்த சிநேகிதிக்குப் போன் பண்ண, பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு குட்டி மின்விசிறி, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். சிநேகிதியிடம் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. பழைய ஞாபகத்தில் எண்ணை அடித்தாள். மணி போகவில்லை, பதிவு செய்த ஒரு பெண் குரல் வந்தது. எண்ணுக்கு முன்னால் இரண்டு சேர்த்து டயல் செய்யச் சொன்னது.

ஞாபகம் இருக்கிறதா அந்தச் சமயம்? நாட்டில் எங்கே இருந்தாலும் கோடும் நம்பரும் சேர்ந்து பத்து இலக்கம் வரும்படி மாற்றினார்கள். எங்கள் ஊர் நம்பர்களுக்கு முன்னால் ஓர் இரண்டு வந்து உட்கார்ந்தது. பூத்துச் சுவரில்கூட அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊரே இரண்டு போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தது.

அக்கா ரிசீவரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அத்தாவுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"என்னத்த?"

"ரெண்டு போடணும்னு."

யாரும் சொல்லவில்லை. வளைகுடாவில் ஆள் இருந்த மற்ற வீடுகளில் ஒருவர் மூலம் ஒருவருக்குச் செய்தி போயிருந்தது. அத்தா இருந்த முகாம் ஊருக்கு வெளியே, பாலைவனத்து ஓரத்தில். எங்கள் ஊர் ஆள் அங்கே ஒருவரும் கிடையாது. மாமி வீட்டில் வெளிநாட்டில் யாரும் இல்லை, அதனால் அவருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு எங்கள் ஊர்ச் சமாச்சாரம், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதில் என்ன என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

சரி, சொல்லிவிடலாம் என்றால் எப்படி? அவர்தான் எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. கடிதம் போட்டால் அது போய்ச் சேர்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.  வீட்டுக்குத் திரும்பி வாசல்படி ஏறும்போது அக்கா, "பக்காலா பை" என்றாள்.

அத்தா போன லீவில் வந்தபோது பேரீச்சம்பழமும் தைலமும் வைத்துக் கொண்டுவந்த பச்சை பிளாஸ்டிக் பை அது. முகாமுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பை. கடையை அங்கே பக்காலா என்பார்கள். "மலையாளத்துக்காரன், நல்ல மனுசன், அவன் கடையிலதான் போன் கார்டே வாங்குறது" என்று அத்தா சொல்லியிருந்தார். அம்மா அந்தப் பையை நான்காக மடித்துப் பீரோவில் நல்ல சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அதில் ஒட்டகப் படத்துக்குக் கீழே கடையின் நம்பர் இருந்தது. அரபி எண்ணில்.

அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு மறுநாள் பூத்துக்குப் போனோம். பூத்து அண்ணன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைகுடா நாட்டுக் கோடுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம், ஆனால் இந்த எண்கள் தெரியாது. "இந்த வட்டம் சைபருதானேம்மா?" என்றார்.

"இல்லண்ணே, அது அஞ்சு. இந்தப் புள்ளிதான் சைபரு" என்றாள் அக்கா. நாங்கள் ஓதிய குர்ஆன் அத்தா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு ஆயத்து, அதாவது வசனம், முடியும் இடத்திலும் பூப்போட்ட வட்டத்துக்குள் எண் இருக்கும். அதனால் எங்களுக்கு அந்த எண்கள் பழக்கம். அக்கா ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக் கொடுத்தாள். அண்ணன் இரண்டு சைபர், சவூதி கோடு, பிறகு அக்கா எழுதிய எண் என்று வரிசையாக அடித்தார். ஓர் அரபிப் பெண் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டு அறுத்தாள். மறுபடி அடித்தார். மறுபடி அவளே.

"நம்பரு தப்பும்மா" என்றார் அண்ணன். அக்கா எழுதியதையும் பையையும் பத்துத் தடவை ஒத்துப் பார்த்தாள். எல்லா எண்ணும் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து அம்மா குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓத உட்கார்ந்தாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அக்காவின் உதடு மட்டும் ஓதியது. ஒரு பக்கம் போனதும் அம்மா நிறுத்தினாள். குர்ஆனை அது விரித்திருந்த ரைஹால் பலகையோடு அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"பத்தாவது ஆயத்து முடியிற எடத்தைப் பாரு. புள்ளி எந்தப் பக்கம் இருக்கு?"

"வலப்பக்கம்."

"ஒண்ணு?"

"எடப்பக்கம்."

"அப்ப நம்பரை எங்கேருந்து படிக்கணும்?"

அக்கா வாயைத் திறந்தவள் மூடவில்லை. எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. அரபி எழுத்து வலமிருந்து இடமாக வரும். ஐந்து வயதிலிருந்து எங்கள் விரல் அப்படித்தான் ஓடிப் பழகியிருந்தது. பையில் அரபியைப் பார்த்ததும் எண்ணையும் வலப்பக்கத்திலிருந்து படித்துவிட்டோம். ஆனால் அரபியிலும் எண் மட்டும் நம்மைப் போல இடமிருந்துதான் போகும். எத்தனை வருடம் ஓதியிருப்போம்! ஆயத்தை ஓதினோமே தவிர, அதன் எண்ணை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

"பையை எடுத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றாள் அம்மா. "சேலை மடிப்பு கலைஞ்சிருந்துச்சு. தலைகீழா எழுதி வச்ச தாளு சின்னவ பள்ளிக்கூடப் பையில கெடந்துச்சு. எந்திரிங்க, போவோம்."

"நீங்களுமா?"

"பின்ன? அவரு எனக்குப் புருசந்தானே?"

முன்னால் இரண்டு போட வேண்டிய விஷயத்தை அக்கா சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் பெரியத்தா வீடு. தயங்குவாள், ஒதுங்கிப் போவாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "நாளைக்கு ஜும்மா முடிஞ்சு எதிர்வூட்டுக்கு வந்துடுங்க மச்சான், அவரு பேசுவாரு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். இன்னும் நாங்கள் போனே பண்ணவில்லை!

எண்ணைத் திருப்பி எழுதியதும் புள்ளி முன்னால் வந்து நின்றது. பூத்து அண்ணன் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் ஊரு நம்பரு மாதிரி இருக்கு. இந்த மொத சைபரு அந்த நாட்டுக்குள்ளேயே கூப்புடுறவங்களுக்கு. நாம அதை எடுத்துடணும்" என்று சொல்லி, அதை விட்டுவிட்டு மற்றதை அடித்தார். மூவரும் அந்தக் கூண்டுக்குள் மூச்சு முட்ட நின்றோம். மணி போனது. நீளமான, தூரமான, நம்முடையதைப் போல் இல்லாத மணி.

"ஹலோ, ஆரா?" என்றது ஒரு மலையாளக் குரல்.

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் அத்தாவின் பெயரைச் சொன்னாள். அம்மா அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். "எதிர்ல கேம்ப்புல இருக்காரு. ஊரு நம்பருக்கு முன்னாடி ரெண்டு போடச் சொல்லுங்க. நாளைக்கே பேசச் சொல்லுங்க. ரெண்டு, ரெண்டு!"

"ரண்டு?"

"ஆமா, ரெண்டு!" என்று அக்கா பக்கத்திலிருந்து கத்தினாள். கத்தியதோடு நிற்காமல், சவூதியில் இருப்பவருக்குத் தெரியட்டும் என்று இரண்டு விரலை வேறு தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் ஜும்மா முடிந்து பெரியத்தா அத்தர் மணக்க வந்து மாமி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.  மாமி அன்று ரிசீவரை எடுத்துப் பார்க்கவில்லை, எடுத்த நேரத்தில் போன் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.  அந்த மலையாளத்துக்காரர் மறந்திருந்தால்? அத்தாவே பெரியத்தா சொன்னதைத்தான் சொன்னால்? அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது.

பெரியத்தா வழக்கப்படி எழுந்து கையை நீட்டினார். அம்மா அவருக்கு முன்னால் போய் ரிசீவரை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். "மொதல்ல அவ பேசட்டும் மச்சான்."

வெளிநாட்டிலிருந்து பேசுகிறவர்கள் கடலைத் தாண்ட வேண்டுமே என்று கத்தித்தான் பேசுவார்கள். அத்தாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, காலேஜில சேந்துட்டியா? ஹாஸ்டல்ல எடம் கெடச்சுதா?"

 முதல் தடவையாக அக்கா கண்ணில் தண்ணீர் வந்தது.

"லெட்டரு கெடச்சதுலேருந்து வெள்ளிக்கு வெள்ளி அடிக்கிறேன். ஒரு அரபிக்காரி என்னமோ சொல்லிட்டு கட் பண்ணிடுறா. மாமி வூட்டுப் போனு போச்சு போலன்னு நெனச்சேன். புள்ள படிக்கணும்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? நான் பேசலேன்னாலும் சேத்துவிட்டிருப்பாங்கன்னு இருந்தேன். கல்யாணத்தை லீவுல வந்து பாத்துக்கலாம், அண்ணன்கிட்ட சொல்லு."

சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே மௌனத்தை இவர் கல்யாணம் என்று எடுத்துக்கொண்டார், அவர் காலேஜ் என்று எடுத்துக்கொண்டார். பெரியத்தா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். "அவன்தான் சொல்லிட்டானே, அப்புறம் என்ன. மாப்பிள வூட்டுல நான் போய்ப் பேசிட்டு வந்துடுறேன்" என்று எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த நம்பருக்கு முன்னாடி என்ன போடணும்? ரெண்டா?" என்று கேட்டார்.

அதன்பிறகு ஒரு மாதம் ஊரில் யார் வெளிநாடு கிளம்பினாலும் பெரியத்தா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வழிமறித்து, "முன்னாடி ரெண்டு போடு, மறந்துடாத" என்று சொல்லி அனுப்பினார். நிச்சயம் நடக்காமல் துபாய்க்குத் திரும்பிய அந்த மாப்பிள்ளைக்கும் அவரே சொன்னார். அந்தப் பையனும் பாவம், தலையாட்டிவிட்டுப் போனான்.

அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சி பஸ் ஏற்றிவிட்டதும் பெரியத்தாதான். அம்மா அழுதாள், நானும் அழுதேன், அக்கா ஜன்னல் வழியாகக் கையைக்கூட ஒழுங்காக ஆட்டவில்லை, அவள் கண் ரோட்டில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமைகூட இல்லை, மாமி ஜன்னலிலிருந்து கத்தினார். வழக்கமாகச் சொல்லும் சவூதியைப் பாதியில் விழுங்கி, "திருச்சி போனு!" என்றார். ஓடிப்போய் நான்தான் முதலில் எடுத்தேன். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வாகனச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். பிறகு அக்காவின் குரல், சலாம்கூடச் சொல்லாமல்:

"ஏய், நான் சைபர் போட்டுக் கூப்புடுறேன்டி."